எந்த மொழிப் படம்

தியேட்டர்காரர்கள் கைவிரித்த பிறகு எனக்கு மிஞ்சியிருந்தது படங்களை வெளியிடும் ஓர் இணையதளம்தான். படம் எடுத்தவன் யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்க மாட்டார்களாம். வீட்டில் இருந்தபடியே ஏற்றலாம், உலகம் முழுக்கப் பார்க்கலாம். எனக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. வளைகுடா வேலையை உதறிவிட்டு வந்து எடுத்த படம். இதுவும் கைநழுவினால் கேமராவை விற்றுவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்தோம். மரத்தில் பால் வெட்டும் பெண்ணாக என் அக்கா நடித்தாள். கருங்கல் ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். நடிக்கத் தெரியாததால் நன்றாக நடித்தாள். வீட்டில் பேசுவதுபோலவே பேசினாள். தண்ணீரை, மலையாளத்தில் சொல்வதுபோல, வெள்ளம் என்றுதான் சொன்னாள்.

அங்கேதான் பிடித்தது சனி. படத்தை ஏற்றும்போது மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போட்டேன். ‘ஒலி, தேர்ந்தெடுத்த மொழியோடு பொருந்தவில்லை’ என்று படம் திரும்பி வந்தது. கெஞ்சி எழுதினேன், அதே பதில். வெட்கத்தை விட்டு மலையாளம் என்று போட்டேன். அதற்கும் அதே வாக்கியம். களியக்காவிளை எல்லைச் சோதனைச் சாவடியில் இரண்டு பக்கமும் விரட்டப்பட்டவன்போல உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மனிதர் யாரோ பதில் எழுதினார்: பொதுத் தமிழில் டப்பிங் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்கிறோம்.

அக்காவிடம் ஓடினேன். அவளையே பேசச் சொன்னால் பாடம் ஒப்பிப்பதுபோல இருக்கும். அதனால், சென்னையில் வேறொரு பெண்ணை வைத்து உன் குரலை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

“சத்தம் கொள்ளாதுன்னு மாத்துனா, முகத்தையும் மாத்திருவியா மக்கா?”

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டப்பிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மொழிப் பட்டியலின் அடியில் ‘பிற’ என்று ஒன்று கிடந்தது. வேறு வழி தெரியாமல் அதை அழுத்தினேன். மறுநாளே படம் வெளியாகிவிட்டது. தமிழ்ப் படங்களின் வரிசையில் அது இல்லை, மலையாள வரிசையிலும் இல்லை. பெயரை முழுசாக அடித்துத் தேடினால் மட்டும் வந்தது. மத்தியானம், பார்த்தவர் ஒருவர் என்று காட்டியது. அதன்பிறகு அந்த ஒன்று அசையவே இல்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

“ஏலே, மத்தியானம் படம் பாத்தேன். எனக்க சத்தம் அப்பிடியே இருக்கு. வேற ஆரும் பாத்தாவளா?”

“பாத்தாவக்கா,” என்றேன். “நெறய பேரு பாத்தாவ.”