தகரக் கதவில் மூன்று தட்டு

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் அழைப்பு மணியை விட்டுவிட்டுக் கதவை மூன்று தட்டுத் தட்டுகிறேன் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தத் தட்டுக்காக ஒரு காலத்தில் நான் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறேன். கஞ்சாக் கேஸ். யாராவது உங்களிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கலாம். அதனால் நானே எழுதி வைக்கிறேன். ஏழாவது வரைதான் படித்தவன் நான். சட்டத்தில் எனக்குப் புரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் இதில் இருக்கும்.

அறுபதுகளின் கடைசி. உங்களில் மூத்தவள் அப்போது கைக்குழந்தை, மற்றவர்கள் பிறக்கவில்லை. நான் தங்கச் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தேன். மாரிகுப்பத்தில் கம்பெனி கொடுத்த லைன் வீடு. ஒரே நீளக் கூரையின் கீழே அடுத்தடுத்து வீடுகள், எல்லாவற்றுக்கும் தகரக் கதவு. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் வேணுமா என்று கேட்பார்கள்.

லைனின் கடைசி வீட்டில் இருந்தவரும் சுரங்க ஆள்தான். உள்ளே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தபின் வீட்டில் உட்கார்ந்து பூட்ஸ் தைப்பார். உள்ளே எப்போதும் தண்ணீர் கசியும். கம்பெனி பூட்ஸ் சீக்கிரமே வாயைப் பிளந்துவிடும். அடுத்த ஜோடி கிடைக்கிறவரை அவர் கைதான் எங்களுக்கு. சேறு சொட்டக்கூடாது என்று பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போவோம். அவரும் தைத்துப் பேப்பரில் சுற்றியே திருப்பித் தருவார்.

ஒரு சாயங்காலம் நான் தைத்த பூட்ஸை வாங்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டியதும் மப்டியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் என் கையைப் பிடித்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தார்கள். பூட்ஸ்தான் இருந்தது. பிறகு அவர் வீட்டுக்குள் போய்த் தோல் துண்டுகள் போட்டு வைக்கும் பெட்டியை நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் ஒரு சாக்கில் கஞ்சா. நான் கண்ணால் பார்த்தேன். பூட்ஸ்காரர் கையில் இருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு அவர்களோடு நடந்தார். என்னையும் நடத்திக் கூட்டிப் போனார்கள். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

அவர் கஞ்சா குடிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். விற்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கேஸில் எழுதியது வேறு. ஆந்திரா பக்கத்திலிருந்து ஒருவன் ரயிலில் கொண்டுவந்து கொடுப்பான், பூட்ஸ்காரர் வைத்திருப்பார், நான் சுரங்கத்துக்குள் எடுத்துப்போய் விற்பேன், மூன்று பேரும் கூடிச் செய்த சதி. கொண்டுவந்தவன் ஓடிவிட்டான். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது தங்கத்துக்காக எங்கள் தலைமுடி வரைக்கும் சோதனை போடுவார்கள், உள்ளே போகும்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். கேள்வி சரியான கேள்விதான்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் கேஸ் முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தண்டனை ஆனால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், அது கம்பெனி வீடு.  சுவரில் காலண்டர் மாட்ட நான் ஆணி அடிக்கப் போனபோது உங்கள் அம்மா, இப்ப வேணாம் என்றாள்.

எங்கள் வக்கீலுக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஆபீஸ். தமிழ்க்காரர், ஆனால் பெங்களூரில் வளர்ந்து புதிதாக வந்தவர். சுரங்கத்தை வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறார். சதி என்றால் என்ன என்று அவர்தான் எனக்கு விளக்கினார். ஒருவன் வீட்டில் கஞ்சா இருப்பது ஒரு குற்றம். அதைச் செய்யலாம் என்று இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது தனிக் குற்றம். பேசி வைத்ததை யாரும் நேரில் பார்க்க முடியாது, ஆகவே நடந்துகொண்டதை வைத்துத்தான் காட்டுவார்கள்.

“பூட்ஸ் பெரிய விஷயமில்லப்பா. அந்தத் தட்டுதான் நம்மளை மாட்டிவிடுது” என்றார்.

போலீஸ்காரர் ஒருவர் குழாயடியில் மறைந்து நின்று சில நாள் அந்தக் கதவைப் பார்த்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் மூன்று தட்டுத் தட்டினார்கள், கதவு திறந்தது. ஒருநாள் அவரே போய்ப் படபடவென்று தட்டியிருக்கிறார். உள்ளே விளக்கு எரிந்தும் சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் நான் போய் மூன்று தட்டினேன், உடனே திறந்தது. ஆகவே அது ரகசிய சைகை, பேசி வைத்ததற்கு அதுவே சாட்சி என்று எழுதியிருந்தார்கள்.

நான் கதவைத் தட்டவே இல்லை, வாசலில் நின்று கூப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னார் வக்கீல். இருட்டில் பார்த்த ஒரே ஆளின் சாட்சியை அப்படி உடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

“தட்டினேனே சார்” என்றேன்.

“நான் கேக்கறது நீ தட்டினியான்னு இல்ல. கோர்ட்டுல நீ இன்னா சொல்லப்போறேன்னு.”

எங்கள் லைனில் எல்லோரும் அப்படித்தான் தட்டுவோம் என்றேன். மாட்டிக்கொண்டவன் எல்லாம் ஊர்மேல்தான் பழியைப் போடுவான் என்று அவர் பேனாவை மூடினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த உங்கள் அம்மா அப்போதுதான் பேசினாள்.

“ஒருநாளு ஷிஃப்ட்டு உட்ற நேரத்துக்கு எங்க வூட்டாண்ட வந்து குந்துங்க சார். காப்பி போட்டுத் தர்றேன். காதால கேட்டுட்டு அப்புறமா பேசுங்க.”

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தார். சங்கு ஊதிற்று. கொஞ்ச நேரத்தில் சந்தில் பூட்ஸ் சத்தம். அப்புறம் ஆரம்பித்தது. தகரத்தில் டம், டம், டம். சற்றுத் தள்ளி இன்னொரு கதவில் மூன்று. எதிர் லைனில் மூன்று. உங்கள் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, இது கோழி வளக்கிற வூடு, இது புதுசா கண்ணாலம் ஆனவரு வூடு, மெதுவாத்தான் தட்டுவாரு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் எங்கள் கதவிலேயே மூன்று விழுந்தது. வக்கீல் எழுந்தே விட்டார். பக்கத்து வீட்டு அம்மா, கையில் டம்ளருடன் சர்க்கரை கேட்டு வந்திருந்தாள்.

“இந்த அம்மாவும் சுரங்கத்துல வேலை செய்றாங்களா?”

“நானா? நான் கேஜைக் கிட்டப்போய்க் கூட பார்த்ததில்ல சார்” என்று அந்த அம்மா சிரித்தாள்.

பிறகு நான் விளக்கினேன். கேஜ் என்பது எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு, அதற்கு மணி அடிப்பதில் ஒரு கணக்கு உண்டு. ஓடும்போது ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது, கல் இல்லை, மரம் இல்லை, ஆள், பார்த்து ஓட்டு. அப்பன், பாட்டன் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு அது எங்கள் கைக்கு வந்துவிட்டது. கதவில் மூன்று தட்டினால் நம்ம ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. போலீஸ்காரர் தட்டியபோது பூட்ஸ்காரர் திறக்காதது அவர் பயம். அதற்கு நான் பொறுப்பில்லை.

வக்கீல் காப்பியைக் குடித்து முடித்து, “தட்டினேன்னே சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேஸ் சீக்கிரம் முடியவில்லை. அதற்குள் லைனில் பயம் பிடித்துக்கொண்டது. பலர் தட்டுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று கத்தினார்கள். ஒருவர் நான்கு தட்ட ஆரம்பித்தார். நான்கு அடித்தால் கேஜ் எங்கே போகும் என்று அவர் மனைவியே கேலி செய்தாள்.

விசாரணையில் போலீஸ் தரப்புச் சாட்சியாக எங்கள் லைன் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். நான் பூட்ஸ்காரர் வீட்டுக்கு அடிக்கடி போவேன் என்று சொன்னார். உண்மைதான். எங்கள் வக்கீல் எழுந்து, நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போனால் கதவை எப்படித் தட்டுவீர்கள் என்று கேட்டார். வாட்ச்மேன் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கூண்டுக் கட்டையில் தட்டிக் காட்டினார். மூன்று. தட்டிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

“இது ரகசியமா?” என்று வக்கீல் கேட்டார்.

“இன்னா சார் ரகசியம்? ஆள் வந்துக்குதுன்னு அர்த்தம். எங்க வூட்டு நண்டு சிண்டுங்க கூட இப்டித்தான் தட்டும்.”

மாஜிஸ்திரேட் தமிழ் தெரியாத மலைநாட்டுக் கன்னடக்காரர், வாட்ச்மேன் என்ன சொல்கிறார் என்று கன்னடத்தில் கேட்டார். கிளார்க் சொன்னார். அடுத்து, கேஜ் இறங்கும் குழியான எங்கள் ஷாஃப்ட்டின் வாயில் மணி அடிப்பவரை எங்கள் சாட்சியாக நிறுத்தினார்கள். அவர் மணி அடிக்கும் கணக்கைச் சொன்னார். அரசு வக்கீலும் விடவில்லை. ஊர் வழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்வதுதான் நல்ல திருடனுக்கு அழகு என்று வாதாடினார். 

தீர்ப்பில், ஊரெல்லாம் தட்டும் தட்டு இரண்டு பேருக்குள் நடந்த பேச்சைக் காட்டாது, என் கையில் பூட்ஸைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். பூட்ஸ்காரருக்குச் சதியில் தண்டனை இல்லை, வீட்டில் வைத்திருந்ததற்கு ஜெயில். கூட்டிப்போகும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

“எடது காலு ஓரத்துல ரெண்டு தையல் பாக்கிப்பா. அன்னிக்கு நீ அவசரப்படுத்தினே. வேற யார்கிட்டயாவது போட்டுக்கோ” என்றார்.

அவர் வீட்டுக்காரம்மா அந்த வாரமே வீட்டைக் காலி செய்து ரயிலேறினாள். நானும் உங்கள் அம்மாவும் ஸ்டேஷன் வரைக்கும் மூட்டை தூக்கிப் போனோம். லைனில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

சாட்சிப் பொருளாக இருந்த பூட்ஸை, அட்டைச் சீட்டு கட்டியபடியே கோர்ட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். சீட்டை அறுத்துவிட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். உள்ளே இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் பித்தளை டோக்கனை, என் நம்பர் போட்டதை, ஜன்னலில் நீட்டினார்கள். ஷாஃப்ட் வாயில் அதே மணிக்காரர். கேஜ் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாபா, மூணு அடிக்கலாமா? இல்ல, உன் வக்கீலைக் கேக்கணுமா?”

கேஜுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மூன்று அடித்தார். இறங்கினோம். கீழே எங்கள் லெவல் தரையில் கால் வைத்ததும் இடது பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியது.