பக்கத்து வீட்டு இருட்டு

மனைவியும் மகளும் என்னை விட்டு ரொறன்ரோ போன குளிர்காலத்தில், புரோசார்ட் நகரில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில் தொலைநோக்கியை நிறுத்தி ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படமெடுக்கத் தொடங்கினேன். பேச ஆளில்லாத இரவுகள் அப்படித்தான் கழிந்தன. பக்கத்து வீட்டு வெளிச்சம் மட்டும் படங்களைக் கெடுத்தது. அங்கே தனியாக இருந்த மட்டக்களப்பு அக்காவிடம் ஒருநாள் வேலியோரம் நின்று எரிச்சலோடு சொன்னேன்.

“அக்கா, ராவில பின்பக்க லைற்றைப் போடாதேங்கோ.”

“சரி தம்பி” என்றார். அதன்பிறகு வெளிச்சம் வரவேயில்லை. நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்தச் செந்நிற வாயு மேகம் தெளிவாக விழுந்த ஒரு படம் கிடைத்தது. காட்ட வேறு யாருமில்லாததால் அன்றிரவே அவரிடம் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவரின் கையில் சோற்றுப் பருக்கைகள். உள்ளே சமையலறை இருட்டாக இருந்தது.

“ஏனக்கா இருட்டுக்குள்ள சாப்பிடுறீங்கள்?”

“குசினி வெளிச்சமும் உங்கட வளவுக்குள்ள விழும்தானே தம்பி. பரவாயில்ல, யன்னலால பார்த்தா நீங்க நிக்கிறது தெரியும். தனியச் சாப்பிடுற மாதிரி இருக்காது.”

சுவிட்சைத் தேடி நானே விளக்கைப் போட்டேன். அவர் எனக்கும் சோறு போட்டார்.

என்னைப்போலத் தனித்துப்போனவர் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒருவரை இரண்டு மாதம் இருட்டில் இருத்தியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.