சித்தப்பா பூட்டிய நம்பர்

எங்கள் வீட்டில் எதையும் முதலில் பூட்டுவார்கள், அப்புறம்தான் யோசிப்பார்கள். சந்தையிலிருந்து வெல்லம் வந்தால் நேரே அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்துவிடும். ஒருதரம் என் அத்தை, அன்றைக்கு உலை வைக்க அளந்த அரிசியையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, சாவியோடு காரைக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாங்கள் கேப்பைக் கூழ் குடித்தோம். இந்தப் பழக்கம் என் சித்தப்பாவை எப்படி ஊமையாக்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. தேவகோட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் வேலை. தொண்ணூறுகளில், எங்கள் ஊரில் டெலிபோன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம் என்ற காலத்தில், அவருக்கு ஹாம் ரேடியோ ஆசை பிடித்துவிட்டது. அது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இங்கிருந்து நாமும் பேசலாம். அதற்கென்று பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்சும் வாங்கிவிட்டார். செட்டு வாங்கத்தான் வழியில்லை. மதுரைச் சிநேகிதர் ஒருவர் தன்னுடைய கைசெட்டை இரவல் கொடுத்தார். செங்கல்லைப் போல் கனம், நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் சாம்பல் நிறத்தில் எண்கள்.

“பேசிப் பழகு. மே மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் உன் குரல் வரலேன்னா, வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார் அவர்.

கைசெட்டின் பேச்சு தன்னால் மதுரை வரைக்கும் போகாது. மேற்கே மலைமேல் ஆளில்லாத ஒரு பெட்டி இருந்தது. ரிப்பீட்டர் என்பார்கள். நாம் சொல்வதை வாங்கி அதையே பலமாகத் திருப்பிச் சொல்லும். ஆனால் அதற்கு வாய் ஒரு அலைவரிசை நம்பரில், காது வேறொரு நம்பரில். அது பேசுகிற நம்பரில் நாம் கேட்க வேண்டும். அதிலிருந்து அறுநூறு கழித்துக் கீழே போய்ப் பேச வேண்டும். கூடவே கதவைத் தட்டுவதுபோல ஒரு மெல்லிய ஓசையும் போக வேண்டும். இல்லையென்றால் பெட்டி திரும்பியே பார்க்காது. இதையெல்லாம் செட்டில் ஒருதரம் பதிந்து வைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

“ஷிப்டை மைனஸ்ல வைக்கணும்” என்று அந்தக் கழித்தலைப் பற்றிச் சித்தப்பா தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

“ராத்திரி ஷிப்டா, பகல் ஷிப்டா?” என்பாள் அத்தை. மாமா மில்லில் வேலை பார்த்தார்.

மொட்டை மாடியில் மூங்கில் கம்பு நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் குழாயைக் கட்டி, சித்தப்பா ஞாயிறுதோறும் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் பேசுவது மட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலக் கேட்டது. கம்பைப் பார்த்துப் பார்த்து அப்பா சிரிப்பார். “மதுரைக்காரன்கிட்ட பேசணும்னா பஸ் ஏறிப் போயி பேசிட்டு வர வேண்டியதுதானடா? கம்பு நட்டா கொடியாவது படரும்.”

கடைசி ஞாயிறும் வந்தது. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே மாடிக்கு வந்துவிட்டோம். செட்டுக்குள் ஒருவர் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பொத்தானை அமுக்கிக் கத்தினார். பதில் இல்லை.

“தேவகோட்டைக்காரர் இன்னிக்கும் வரல போலிருக்கு” என்றது செட்டு.

“இந்தா, இங்கனதாய்யா நிக்கிறேன்!” என்று சித்தப்பா அலறினார். அத்தை சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய ஆம்பிளை அழப்போகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மறுபடியும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பதிந்தார். நான் அவர் முழங்கைக்குக் கீழே நின்று அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கிட்டத்தில் பார்வை மட்டு. ஆனால் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மூக்குக்கண்ணாடி போட மாட்டார். நம்பரைப் போட்டார். பொத்தானை நீள அமுக்கினார். ‘கீச்’ என்றது, பதிந்துவிட்டது. அதற்கப்புறம் கழித்தல் கோட்டைப் போட்டார், கோடு வந்தது. ஓசையைப் போட்டார், ‘டி’ என்ற இங்கிலீஷ் எழுத்து வந்தது. பேசுவதற்காகப் பதிந்ததைத் திரும்ப வரவழைத்தார். நம்பர் மட்டும் வந்து நின்றது. கோடும் இல்லை, டியும் இல்லை.

வீட்டில் நான் வாய் திறக்கிறவள் இல்லை. விருந்தாளி வந்தால் நெற்குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

“சித்தப்பா, கோட்டைக் காணோம்.”

“எந்தக் கோட்டை?”

“கழித்தல் கோடு. நீங்க அதைப் போடுறதுக்கு முன்னாடியே பூட்டிட்டீக. கோடு வெளிய நின்னு போச்சு.”

சித்தப்பா செட்டைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். “இதும் நீ அரிசியப் பூட்டின கதைதாக்கா” என்றார்.

“வேற யாராவது இருக்கீங்களா? முடிக்கப் போறேன்” என்றது செட்டு.

“ஏத்தா, நீயே போடு. எனக்குக் கண்ணு தெரியல” என்று செட்டை என் கையில் வைத்தார். நம்பரைப் போட்டேன். கோட்டைப் போட்டேன். டியைப் போட்டேன். எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பூட்டினேன். ‘கீச்.’ வரவழைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது.

சித்தப்பா வாங்கிப் பேசினார். உடனே செட்டு பதில் சொன்னது.

“அடடே! தேவகோட்டையா? தெளிவா வர்றீங்க! எங்கய்யா போயிருந்தீங்க இத்தனை நாளும்?”

மாடியே குதித்தது. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அப்பாகூட மூங்கில் கம்பைத் தட்டிக்கொடுத்தார். செட்டு உனக்குத்தான் என்று சிநேகிதரும் இடையில் புகுந்து சொல்லிவிட்டார். சித்தப்பா மேகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

“கோளாறைக் கண்டுபிடிச்சது எங்க அண்ணன் மக.”

“அப்படியா! என்ன படிக்குது?”

“அஞ்சு முடிச்சிருச்சு. ஆறாவதுக்கு இனிமே தேவகோட்டைக்குப் பஸ் ஏறணும்.”

அப்பா என் தலையில் கை வைத்தார். அதற்கு முன் அவர் அப்படி வைத்து எனக்கு நினைவில்லை. “எதுக்கு ஏறணும்? இம்புட்டுத் தெரிஞ்ச புள்ளைக்கு இனிமே அங்க என்ன சொல்லிக் குடுக்கப் போறாக?” என்றார், மாடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி அப்படி ஒரு பெருமையை அதுவரை யாரும் பேசியதில்லை. அம்மா மட்டும் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுப்பில் மீன் குழம்பு அடிப்பிடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நானும் அந்தக் கோட்டைப்போல வெளியே நின்றுபோனேன் என்பது ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.