மாவடிப்பள்ளியில் கொம்பு மொட்டு எடுத்த காலை

காலை 5.45. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸுக்கு நூற்றறுபது ரூபாய் கொடுத்து யன்னலோரம் உட்கார்ந்தேன். என்னோடு படித்த சுபாஷினி இப்போது கல்முனைப் பக்கம் கால்நடை வைத்தியர். பால்மாட்டுக் கன்றுகளுக்குக் கொம்பு முளைக்கும் முன்பே வலியில்லாமல் கொம்பு மொட்டை எடுக்கும் வேலைக்கு, ஊருக்குள் ஏச்சும் எதிர்ப்பும் நிறைய என்றாள். "கேள்விப்பட்டு எழுதாத. வந்து பார்த்திட்டு எழுது" என்று அழைத்திருந்தாள்.

7.10. கல்முனைச் சந்தை அருகே அவள் மருந்துப் பெட்டியோடு ஓட்டோவில் காத்திருந்தாள். சாய்ந்தமருது, மாளிகைக்காடு தாண்டி, காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குத் திரும்பினோம். இரண்டு பக்கமும் கதிர் தள்ளாத பச்சை வயல். எதற்குப் போகிறோம் என்று கேட்ட ஓட்டோக்காரருக்குச் சுபாஷினி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாயில்லாத சீவன் மிஸ். கொம்பு இரிந்தா என்ன குறஞ்சு போகும்?"

"போற வீட்ட கேளுங்க" என்றாள் சுபாஷினி.

7.40. மாவடிப்பள்ளி. வயலை ஒட்டிய வீட்டில் இஸ்மாயிலும் மனைவி நசீமாவும் ஐந்து மாடுகள் வளர்க்கிறார்கள். இஸ்மாயிலுக்கு ஐம்பது வயது இருக்கும். இடது கண் மூடித் தைக்கப்பட்டிருந்தது. நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார்.

"மாடு குத்தல்ல தங்கச்சி. பால் கறக்கக்குள்ள ஈ விரட்டத் தலையத் திருப்பிச்சு. அவ்வளவுதான். கொம்பு நுனி கண்ணுக்குள்ள."

அன்று மொட்டு எடுக்க வேண்டியவை இரண்டு கன்றுகள். ஒன்றுக்கு ஐந்து வாரம், மற்றதுக்கு நாலு மாதம். சுபாஷினி சின்னதின் நெற்றியைத் தடவி மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, இஸ்மாயிலின் அண்ணன் ஹனீபா படலையைத் திறந்து வந்தார். மாட்டு வியாபாரி.

"படைச்சவன் தந்த கொம்ப எடுக்க நீங்க ஆரு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். "நாளைக்கு இதுக்கு ஒரு நாம்பன் கன்று பிறந்து, அதுட கொம்பையும் எடுத்தா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பான் குடுக்க ஆரு வாங்குவான்?"

இஸ்மாயில் சூட்டுக்கோல் காயும் அடுப்புப் பக்கம் குனிந்தார். நசீமாதான் கன்றின் கயிற்றைப் பிடித்தபடி பதில் சொன்னாள்.

"இவர்ர கண்ணும் படைச்சவன் தந்ததுதான் மச்சான்."

அதன்பின் ஹனீபா வேலியோரம் போய் நின்றார். வீட்டுக்குப் போகவில்லை.

கண்ணோரத்துக்கும் கொம்பு மொட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் அந்த இடம் மரத்துப்போகச் சுபாஷினி விறைப்பூசி போட்டாள். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "பத்து நிமிஷம் பொறுக்க வேணும்" என்றாள்.

"உடன சுட்டா முடிஞ்சு போற வேலை" என்றார் வேலியோரத்து ஹனீபா.

இஸ்மாயில் அப்போதுதான் அண்ணனைப் பார்த்தார். கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அண்ணனை ‘நானா’ என்று விளித்துப் பேசினார். "நான் அப்பிடித்தான் சுட்டன், நானா. போன வருஷம். ஊசி இல்லாம. அங்க பாருங்க."

கொட்டிலின் மூலையில் ஓர் இளம் பசு நின்றது. ஒரு பக்கம் வழுக்கை வடு. மறுபக்கம் சரியாக வேகாமல் விட்ட மொட்டிலிருந்து கோணலாக வளர்ந்த கட்டைக் கொம்பு. இஸ்மாயில் ஓரடி எடுத்து வைத்ததும் அது கயிறு இறுகும் வரை பின்னால் போனது.

"இண்டைக்கும் நான் வச்சாத் தண்ணி குடிக்காது. இவ வைக்க வேணும்" என்றார். "பிறகு ஆஸ்பத்திரியில என்ட கண்ணுக்கு ஊசி போட்டு, விறைக்கும் வரைக்கும் பொறுத்துத்தான் டொக்டர் கை வச்சாரு. அந்த நேரம் எனக்கு இதுட சத்தந்தான் கேட்டுக்கொண்டு இரிந்திச்சு."

பத்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

8.25. சுபாஷினி ஊசி முனையால் மொட்டைச் சுற்றிக் குத்திப் பார்த்தாள். கன்று காதைக்கூட அசைக்கவில்லை. பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோலின் குழிந்த முனையை மொட்டின் மேல் வைத்துச் சுழற்றினாள். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது, புகை எழுந்தது. கன்றிடமிருந்து சத்தம் எழவில்லை. பத்துப் பதினைந்து விநாடிகளில் செம்பு நிற வளையம் தெரிந்தது. மறுபக்கமும் அப்படியே. பிறகு, விறைப்பு விட்டதும் வரும் நோவுக்கு இன்னோர் ஊசி, ஈ மொய்க்காமல் மருந்து. அவிழ்த்துவிட்டதும் கன்று கொஞ்சம் தள்ளாடிவிட்டுத் தாயின் மடியை முட்டியது.

பெரிய கன்றைத் தொட்டுப் பார்த்த சுபாஷினி கையை எடுத்துவிட்டாள். "இது ஏலாது நானா. கொம்பு மண்டையோட சேர்ந்திட்டு. இனி எடுக்கிறதெண்டா வெட்ட வேணும். நான் செய்ய மாட்டன்."

நசீமாவின் முகம் மாறியது. கணவரின் மிஞ்சிய கண்ணைப் பற்றிய பயம் அது. இஸ்மாயில் அந்தக் கன்றின் கொம்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது கொம்போட வளரட்டும்" என்றார். "தனியாக் கட்டுவம். பிந்தினது நான்தானே."

புறப்படும்போது ஹனீபா படலை வரை வந்தார். "ஊசி போட்டது சரி டொக்டர். கொம்ப எடுத்தது இன்னும் சரியெண்டு படல்ல" என்றார். "ஊசியாவது சரியெண்டு பட்டுதே, அது போதும்" என்று சுபாஷினி அவருக்கு ஸலாம் சொன்னாள்.

11.30. திரும்பும் பஸ்ஸில் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. எங்களிடமும் மாடுகள் இருந்தன. கன்றுக்குக் கொம்பு சுடும் நாளில் அப்பா எங்களை அறைக்குள் அனுப்பி, வானொலியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுத்தான் கொட்டிலுக்குப் போவார். பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று எவ்வளவு கவனம் என, வளர்ந்த பிறகும் அதைப் பெருமையாகவே எண்ணியிருந்தேன்.

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன். வானொலியையும் சொன்னேன். எழுபத்தெட்டு வயது அவருக்கு.

"அது உங்களுக்காகப் போட்டதில்ல பிள்ளை" என்றார். "எனக்குக் கேக்கக் கூடாதெண்டுதான்."