சோதனை இல்லாத வருடம்

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று எங்கள் பகுதி அரசாங்க உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு ஒன்று இருந்தது. சோதனை எழுதித்தான் உள்ளே போகலாம். மகளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டுமென்று, குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நாங்கள் குடியிருந்த வில்லரேயிலிருந்து பஸ் ஏற்றி டியூசனுக்குக் கொண்டுபோனேன். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை, பழைய வினாத்தாள்கள். அவள் முடித்து வரும்வரை நான் வெளியே பனிக்குள் நிற்பேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்து, இந்த வருடம் முதல் சோதனை இல்லை என்றார்கள். டியூசனுக்குப் போன பிள்ளைகளே இடத்தைப் பிடிக்கிறார்களாம். இனி வகுப்பாசிரியை தாய் தகப்பனோடு பேசிப் பிள்ளையைப் பற்றி அறிந்து சிபாரிசு செய்வாராம். எனக்கு ஆத்திரம் வந்தது. சோதனை என்றால் எங்களுக்கு விளங்கும். ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையிலிருந்தே அப்படித்தான் வளர்ந்தோம். பேசி இடம் பிடிக்க எங்களை யார் பழக்கினார்கள்? மற்றப் பெற்றோர் எழும்பி நின்று சத்தம் போட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது.

ஆசிரியையைச் சந்திக்க எங்கள் முறை வந்தது. கணவர் உணவகத்தில் வேலை முடிந்து நேரே வந்தார். சட்டையில் எண்ணெய் மணம். மொழிபெயர்க்க மகளே நடுவில் இருந்தாள். எங்கள் வீடுகளில் அது வழக்கம். டொக்டரிடம் போனாலும் அவள்தான்.

மகள் வீட்டில் எப்படி, அவளிடம் என்ன சிறப்பு என்று ஆசிரியை கேட்டார். கணவர் சிரித்தார்.

"பெரிசா ஒண்டுமில்லை எண்டு சொல்லு. சரியான பஞ்சி பிடிச்ச சோம்பேறி. நாங்கள் துரத்திக் கலைக்காட்டிப் புத்தகம் தொடாள். ரீச்சர்தான் பாத்துத் திருத்தவேணும்."

மேல்வீட்டுக்காரியோடு இருந்து கதைத்தே ஸ்பானிஷ் பழகியவள் அவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைக் கணவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை மற்றவர் முன் எங்களில் யாரும் புகழ்வதில்லை. நாங்கள் குறைத்துச் சொல்வோம். எதிரில் இருப்பவர், சீச்சீ, நல்ல பிள்ளையெல்லோ என்று மறுப்பார். ஊரில் எந்த ரீச்சரும் அப்படித்தான் மறுப்பார்.

மகள் ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். ஆசிரியை மறுக்கவில்லை. தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

இடம் கிடைக்கவில்லை. கணவர் சோபாவில் இருந்து பள்ளிக்கூடத்தைத் திட்டினார். நான் சோறு வடித்தேன். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று மகளிடம் கேட்டேன்.

"ஏன் மாத்த? அப்பா நினைக்கிறதைத்தானே சொன்னன்."

"அது சும்மா கதைக்குச் சொல்லுறதடி."

"எனக்கு எப்பிடித் தெரியும்? வேற மாதிரி ஒருநாளும் சொல்லேல்லையே."

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. தனக்கு என்ன வயது என்று சொல்வதுபோலச் சொன்னாள். தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று எப்போதோ முடிவெடுத்திருக்கிறாள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். மகளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் அகப்பையோடு நின்றேன்.

"சோறு ஆறுது பிள்ளை, வந்து சாப்பிடு," என்றார்.

அவள் வந்து சாப்பிட்டாள்.