திரளி மீனுக்குக் கட்டிய லேபிள்

"உங்கட தராசு பிழை, மிஸி!"

நான் மருத்துவிச்சியாக வேலைக்கு வந்து இரண்டாம் வருஷம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு தேவாலய மண்டபத்தில் கிளினிக். பதினான்கு மாத ஜெனிற்றா தொங்கு தராசில் காலை உதறிக்கொண்டிருந்தாள். ஏழு கிலோ. மூன்று மாதமாக அதே ஏழு. அடுத்த மாதமும் ஏறாவிட்டால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டதும் தாய் பிலோமினாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

சத்தம் போட்டவர் தகப்பன் அருளப்பு. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிகாரர். மூன்று வெறும் பால்மா ரின்களை என் மேசையில் அடுக்கினார்.

"வாசியுங்கோ. நிறை நானூறு கிராம். மூண்டு ரின் குடுத்திட்டன். பிள்ளை ஒரு கிலோ இருநூறு கூடியிருக்க வேணுமோ இல்லையோ?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. வரிசையில் நின்ற தாய்மாரோ, "ஓம், அவர் சொல்றது சரிதானே" என்கிறார்கள்!

"வேறை என்ன குடுக்கிறியள்?"

"வேறை என்னத்துக்கு? ரின்னிலை கொழுத்த பிள்ளையின்ர படம் கிடக்கு. மீனை வித்துத்தான் ரின் வாங்கிறன்."

பிலோமினா மெதுவாகச் சொன்னா: "ரின் கிடைக்கிறதே கஷ்டம் மிஸி. நான் தண்ணியைக் கூட விட்டுத்தான் கரைக்கிறனான்."

"அண்ணை, ரின்னிலை போட்டிருக்கிறது உள்ளுக்கிருக்கிற மாவின்ர நிறை" என்றேன்.

"நீங்கள் சொல்றது வாய்க்கதை. இது அச்சடிச்சது!"

ஐயோ, அச்சுக்கு நான் எங்கே போக? பிள்ளையை இறக்கிவிட்டு, அவர் விற்கக் கொண்டுவந்த கூடையிலிருந்து ஒரு திரளி மீனை எடுத்துத் தராசில் கொழுவினேன். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினேன்: "திரளி. நிறை அறுநூறு கிராம். முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, நாளுக்கு மூன்று தரம் ஊட்டவும்." கிளினிக் முத்திரையும் குத்தி வாலில் கட்டிவிட்டேன்.

அருளப்பு இரண்டு தரம் வாசித்தார். "முடியும் திகதி போடேல்லையே?"

"இண்டைக்குப் பின்னேரம்!"

மண்டபமே சிரித்தது.

அடுத்த மாதம் தராசு முள் ஏழரையில் நின்றது. பிலோமினா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன். அருளப்பு மட்டும் கணக்குப் பார்த்தார்.

"அறுநூறெண்டு போட்டனீங்கள், அரைக் கிலோதான் ஏறியிருக்கு. சரி, மிச்சம் முள்ளு."

மீன் வேலை செய்துவிட்டது, என் லேபிள் ஒன்றையும் விளங்கப்படுத்தவில்லை. அவர் பிள்ளையின் நிறை அட்டையை விரித்தார்.

"மிஸி, இதிலை மாசா மாசம் கோடு கீறித் தாறியள். இதை எப்பிடி வாசிக்கிறது?"

மூன்று மாதம் அந்தக் கோடு ஏறாமல் நேராகவே கிடந்தது. கீறினது நான்தான். அது என்ன சொல்கிறதென்று அவர்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. ரின்னை வாசிக்கத் தெரியாதவர் என்று சிரித்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதிதாக வேலைக்கு வருபவர்களே, நீங்கள் எழுதிக் கொடுப்பதை முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு கதிரையை இழுத்துப் போட்டுத் தாயையும் தகப்பனையும் இருத்தினேன். பிறந்த மாதத்துக் கோட்டிலிருந்து தொடங்கினேன்.