சங்கிலி போட்ட அடுப்பு

அத்தை குவைத்திலிருந்து வந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவளுடைய அடுப்பு வந்து சேர்ந்தது. கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து திருத்தணி வழியாக மினி லாரியில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற எங்கள் நகரிக்கு வந்தது. மரச்சட்டம் அடித்த அந்தப் பெட்டியை நாலு பேர் பிடித்து இறக்கியபோது, எங்கள் தெருவில் பாதித் தறிகள் நின்றுவிட்டன. பீரோ என்றார்கள் சிலர். துணி துவைக்கிற மெஷின் என்று அடித்துச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். அடுப்பு என்று அத்தை சொன்னதும், இதற்கா வேலையை விட்டு வந்தோம் என்பதுபோல எல்லோரும் கலைந்து போனார்கள்.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. மாமா இறந்துபோன பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பன்னிரண்டு வருஷம் அங்கே சமைத்தாள். நான் பிறந்ததே அவள் போன பிறகுதான். இரண்டாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் எனக்கு அத்தை என்றால் போனில் வருகிற ஒரு குரல். அந்தக் குரலுக்கு ஒரு முகமும், கூடவே ஓர் அடுப்பும் வந்து சேர்ந்ததில் எனக்குப் பெருமை தாளவில்லை.

என் மார்பு உயரம் இருந்தது அது. வெள்ளை நிறம். மேலே நாலு இரும்புத் தட்டுகள், கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஓவன். அந்தக் கதவு மற்ற கதவுகளைப் போலப் பக்கவாட்டில் திறக்காது. மேலிருந்து கீழாகச் சாய்ந்து, பலகை மாதிரி படுத்துக்கொள்ளும். அதைத் திறந்து திறந்து மூடியதற்காக முதல் நாளே என் முதுகில் ஒன்று விழுந்தது.

நைனா வீட்டின் முன்பக்கத்தில் ஆறு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் பழுதானால் அவரே பிரித்துப் போடுவார். ஆகவே மிக்ஸி செருகுகிற பிளக்கிலேயே அடுப்பையும் மாட்டிவிடலாம் என்று ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"ஆறு தறிக்கு லைன் இழுத்தவன் நானு. ஒரு அடுப்புக்குக் குடுக்கத் தெரியாதா?" என்றார் நைனா.

"தறியில எம்மாம் வாட்டி ஷாக் அடிச்சிக்கீது ஒனக்கு, சொல்லு. அது ஒன்னோட. இதுமேல கை வெக்கப் போறது ஒம் பொண்டாட்டி."

நைனா ஸ்குரூ டிரைவரோடு தறிக்குத் திரும்பினார். புத்தூரிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். தெலுங்குக்காரர். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த் உந்தா அம்மா?" என்பது. எர்த் இல்லை என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். எர்த்தின் அருமை தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று அத்தையின் முகம் மலர்ந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து கொல்லையில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டச் சொன்னார்கள். குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். மீட்டர் பெட்டியிலிருந்து அடுப்புக்கென்று தனியாக என் கட்டைவிரல் தடிமனில் ஒயர் வந்தது. அதற்கு ஒரு பெரிய ஸ்விட்ச். அதை அடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் கை எட்டாது என்று அத்தை சொல்லி, வாசற்படி ஓரமாக வைக்கச் செய்தாள். தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளி இடம் பார்த்து, அடுப்பின் நாலு கால்களையும் திருகித் திருகிச் சமன் செய்தாள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்து, அது எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிற வரைக்கும் விடவில்லை.

கடைசியாக, அடுப்பின் முதுகைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்ட வேண்டும் என்றாள்.

நைனா சிரித்துவிட்டார். "இன்னாக்கா, இது அடுப்பா மாடா? மூணு பேரு சேந்தாத்தான் நகருது. அவுத்துக்கினு ஓடிடுமா?"

"கட்டணும்னா கட்டணும்," என்றாள் அத்தை. அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. நைனாவுக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் கொக்கி பதித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்கு 'மாட்டடுப்பு' என்று பெயராகிவிட்டது.

அம்மாவுக்கும் அந்த அடுப்புக்கும் ஒத்துப்போக நாள் பிடித்தது. எங்கள் பாத்திரங்களுக்கெல்லாம் அடி உருண்டை. இரும்புத் தட்டின்மேல் ஆடிக்கொண்டே இருந்தன. அத்தை திருப்பதி போய் தட்டையான அடி உள்ள பாத்திரங்கள் வாங்கிவந்தாள். தறி ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, உலை கொதிக்க ஒரு யுகம் ஆகும். அணைத்த பிறகும் தட்டு சுடும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாததால் நைனா ஒருநாள் துண்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு, கருகிய துண்டோடு தறிக்குத் திரும்பினார். பழைய பழக்கத்தில் அம்மா அடுப்பைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தபோது அத்தை பாய்ந்து பிடுங்கினாள். சுவர் ஸ்விட்சை அணைத்து, தட்டு ஆறிய பிறகு, பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும். அவள் துடைப்பதைப் பார்த்தால் சாமி சிலைக்கு அபிஷேகம் முடிந்து துடைக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தறி ஓடவில்லை. விஜயபுரத்திலிருந்து என் தாய்மாமன் வீட்டார் வருவதாக இருந்தது. பின்தட்டில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, முன்தட்டில் கறிக்குழம்பு. அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் பிள்ளைகள் ஆசைப்படுகிற எதையும் வைக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். ஆனால் மாமன் வருவதற்குள் நான் தின்று தீர்த்துவிடுவேன் என்று பயந்து, அம்மா அன்றைக்கு அதிரச டப்பாவை அந்த அலமாரியில்தான் ஒளித்திருந்தாள். அம்மா வாசல் பெருக்கப் போனாள். அத்தை கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனாள்.

நான் ஓவன் கதவைச் சாய்த்துத் திறந்து, அதன்மேல் ஏறி நின்றேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. டப்பாவை எட்ட இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. குதிகாலை உயர்த்தி எம்பினேன். அடுப்பு என்னை நோக்கிக் குனிந்தது. இரண்டு பாத்திரங்களும் என் முகத்தைப் பார்த்து நகர்ந்து வந்தன. அந்த ஆவி என் கன்னத்தில் பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம். அடுப்பு அப்படியே நின்றது. குழம்புப் பாத்திரம் விளிம்பில் வந்து தட்டி, ஒரு கரண்டிக் குழம்பை மட்டும் என் வலது பாதத்தில் கொட்டியது.

நான் கத்தியதில் அத்தை ஓடிவந்தாள். ஒரு கையால் என்னை அள்ளிக்கொண்டு, மறு கையால் ஸ்விட்சை அணைத்தாள். குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பாதத்தைத் தண்ணீரில் பிடித்தாள். அம்மா பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதைத் தடவ அத்தை விடவில்லை. வெறும் தண்ணீர், வெகுநேரம். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடிக்கவில்லை. என் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்தி, ஒரே ஒரு சொல்லை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "ஃபஹத், ஃபஹத், ஃபஹத்."

நைனா சமையலறைக்குள் போய் அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கொக்கியைச் சுற்றிச் சிமெண்ட் விரிசல் விட்டிருந்தது. சாயங்காலம் அவரே நீளமான போல்ட்டுகள் வாங்கிவந்து, இன்னொரு சங்கிலியும் சேர்த்துக் கட்டினார். மாட்டைப் பற்றிய பேச்சு அதன்பிறகு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

எனக்கோ கால் புண்ணைவிட, புதிதாகக் கிடைத்த அரபிச் சொல்தான் பெரிதாக இருந்தது. பத்திரம் என்பதற்கு அரபியில் அப்படிச் சொல்வார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். யாராவது சைக்கிளிலிருந்து விழப்போனால், மதில்மேல் ஏறினால், தெருவே சேர்ந்து "ஃபஹத்!" என்று கூச்சல் போடும்.

திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த வருஷம், என் வகுப்பில் அந்தப் பெயரில் ஒரு பையன் இருந்தான். சிரித்துக்கொண்டே அத்தைக்குப் போன் செய்து, உன் அரபி வார்த்தையை இங்கே ஒருவனுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அது பேர்தான் பாப்பா," என்றாள் அத்தை. "நான் மொதல்ல வேல செஞ்ச வூட்டுப் புள்ள. நாலு வயசு. நாந்தான் குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன். பக்கத்து ரூம்ல துணி மடிச்சிக்கினு இருந்தேன். ஓவன் கதவுமேல ஏறிட்டான். அங்க சங்கிலி இல்ல." ஆம்புலன்ஸில் அவனைக் கொண்டுபோனதைப் பார்த்ததுதான் கடைசி. மறுநாளே அத்தையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பொழச்சானா இல்லியான்னு கேக்க எனக்கு அங்க ஒரு ஆளு இல்ல."

அந்தப் போனை வைத்த பிறகு எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெருதான். நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுகிறபோதெல்லாம், அத்தை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். தெருக்கோடி வரைக்கும் பார்ப்பாள். நான் அரபி பேசுவதைக் கேட்கத்தான் அவள் வருகிறாள் என்று நினைத்து, இன்னும் உரக்கக் கூவுவேன்.